பொன்னாடையும் மருந்துத் துண்டும்: கலைஞர்களின் சுகாதாரக் காப்புறுதி பற்றி ஒரு சின்ன வரலாறு

போன வருசம் மூத்தாப்பாவை, அதாவது உம்மாவின் வாப்பாவை, நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வார்ட்டில் எடுக்கும்போது படிவம் நிரப்பினவர் கேட்டார்: "என்ன தொழில்?"

மூத்தாப்பா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "பொல்லடி அண்ணாவி."

எழுதிக் கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அதில்ல வாப்பா, சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?"

மாமா இடையில் புகுந்து, "விவசாயம் எண்டு போடுங்க" என்றார். அப்படியே எழுதப்பட்டது. மூத்தாப்பாவுக்குச் சொந்தமாக ஒரு துண்டு வயலும் இல்லை. கண்டத்தில் கூலிக்கு நின்றிருக்கிறார், மாயவலை இழுத்திருக்கிறார், சந்தையில் மூட்டை தூக்கியிருக்கிறார். ஆனால் ஐம்பது வருசமாக விடாமல் செய்தது ஒரே ஒரு வேலைதான். கல்யாண வீடுகளிலும் சுன்னத்து வீடுகளிலும் பொடியன்மாரைச் சுற்றி நிறுத்தி, பாட்டெடுத்துக் கொடுத்து, பொல்லடி அடிப்பிப்பது. அந்த வேலைக்குப் படிவத்தில் இடமிருக்கவில்லை.

வைத்தியத்துக்குக் காசு கேட்கவில்லை. இந்த நாட்டு அரச ஆஸ்பத்திரியில் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் கையில் ஒரு துண்டு வந்தது. இந்த இரத்தப் பரிசோதனையை வெளியில செய்யுங்க, இந்த மருந்தை வெளியில எடுங்க. 2022 நெருக்கடிக்குப் பிறகு இந்தத் துண்டு கிடைக்காத வீடு எங்கட ஊரில் குறைவு. சாச்சியின் காப்பு அடகுக்குப் போனது.

அன்றைக்கு இரவு வீட்டில் ஒரு கணக்குப் பார்த்தேன். சாச்சா வாத்தியார், அவருக்கு அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி இருக்கு. 2017இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று சுரக்ஷா காப்புறுதி தொடங்கினபோது தம்பியின் வகுப்பே அதற்குள் வந்தது. மூத்தாப்பாவுக்கு என்ன இருக்கு? அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பதினொரு பொன்னாடை இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி தலைக்குள் ஏறியது. உலகத்தில் பாடுறவங்க, ஆடுறவங்க, நடிக்கிறவங்க நோய் வந்தால் என்ன செய்தார்கள்? அவர்களுக்கென்று சங்கமும் காப்புறுதியும் எப்படி வந்தது? வாசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு திட்டத்திடமும் மூன்று கேள்வி கேட்கப் போகிறேன். காசு யார் கட்டுவது? ஒருவர் கலைஞர் என்பதை எதைக் கொண்டு அளப்பது? வேலை இல்லாத வருசத்தில் என்ன நடக்கும்?

லண்டன் 1738: கழுதை ஓட்டிய பிள்ளைகள்

லண்டனில் ஹேமார்க்கெட் என்ற தெரு. 1738ஆம் ஆண்டளவில் ஒருநாள் சில இசைக்கலைஞர்கள் ஒரு கோப்பிக் கடை வாசலில் நிற்கிறார்கள். இரண்டு பொடியன்மார் பால் கறக்கும் கழுதைகளை ஓட்டிக் கொண்டு போகிறார்கள். யார் பிள்ளைகள் என்று பார்த்தால், கிட்ச் என்ற ஓபோ கலைஞரின் அநாதைப் பிள்ளைகள். ஓபோ என்பது நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். கிட்ச் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற வாத்தியக்காரர். அவர் மௌத்தான பிறகு பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தக் காட்சி பொறுக்காமல் அவர்கள் ஒரு நிதியம் தொடங்கினார்கள். நொடித்துப்போன இசைக்கலைஞர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்குமான நிதியம் என்பது அதன் பெயரின் பொருள். தொடங்கியவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் ஹேண்டல். 1759இல் அவர் இறந்தபோது தன் உயிலில் ஆயிரம் பவுண் அந்த நிதியத்துக்கு எழுதி வைத்திருந்தார். அது இன்றைக்கும் ராயல் இசைக்கலைஞர் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது.

இங்கே காசு கட்டினது கலைஞர்களே. உறுப்பினர் பணம், கச்சேரி வைத்துச் சேர்த்த பணம், நன்கொடை. ஆனால் கலைஞர் என்றால் யார் என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் 1839இல் பெண் இசைக்கலைஞர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைக்க வேண்டி வந்தது. இரண்டும் ஒன்றானது 1866இல்தான். இந்த ஓட்டையை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்க, கடைசியில் எங்கட ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

ஹொலிவூட் 1960: வேலைநிறுத்தத்தில் கிடைத்த காப்புறுதி

அமெரிக்காவில் எல்லோருக்குமான இலவச ஆஸ்பத்திரி கிடையாது. வைத்தியச் செலவுக்குக் காப்புறுதி வேணும், அந்தக் காப்புறுதி அநேகமாக வேலை தரும் கம்பனி மூலமாக வரும். ஆனால் நடிகர்களுக்கு நிரந்தரக் கம்பனி ஏது? இன்றைக்கு ஒரு படம், நாளைக்கு வேறொன்று, அடுத்த ஆறு மாசம் ஒன்றுமில்லை.

திரைநடிகர் சங்கம் 1933இல் அமைந்தது. 1960 மார்ச்சில் அவர்கள் பெரிய ஸ்டூடியோக்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரச்சினை தொலைக்காட்சி. பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்று ஸ்டூடியோக்கள் காசு பார்த்தன, அதில் நடித்தவர்களுக்கு ஒரு சதமும் போகவில்லை. அப்போது சங்கத் தலைவராக இருந்தவர் ரொனால்ட் ரீகன், பிற்காலத்தில் ஜனாதிபதியானவரே. முடிவில் ஓர் உடன்பாடு வந்தது. 1960இலிருந்து எடுக்கும் படங்களுக்கு மறுஒளிபரப்புப் பங்கு உண்டு. அதற்கு முந்திய படங்களுக்கான உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். பதிலாக ஸ்டூடியோக்கள் 22.5 இலட்சம் டொலரைக் கொடுத்தன. அதை வைத்துத்தான் சங்கத்தின் ஓய்வூதியமும் சுகாதாரத் திட்டமும் தொடங்கின. பழைய நடிகர்கள் பலர், தங்கள் படங்களை விற்று மற்றவர்களுக்குக் காப்புறுதி வாங்கினார்கள் என்று குறைப்பட்டார்கள். அந்தக் குறையிலும் நியாயம் இருக்கு.

அதிலிருந்து முறை இப்படி. ஒரு நடிகரை வேலைக்கு எடுத்தால் தயாரிப்பாளர் சம்பளத்துக்கு மேலதிகமாக ஒரு வீதத்தைத் திட்டத்துக்குக் கட்ட வேண்டும். நடிகர் வருசத்துக்கு இவ்வளவு உழைத்தால் அவரும் குடும்பமும் காப்புறுதிக்குள் வருவார்கள். மேடை நாடகக்காரர்களின் ஈக்குவிட்டி சங்கம் காசைப் பார்ப்பதில்லை, வருசத்தில் எத்தனை வாரம் வேலை செய்தார் என்று எண்ணும். அளவுகோல்தான் வேறு, யோசனை ஒன்றே.

பிரச்சினையும் அந்த அளவுகோலில்தான் வந்தது. 2020இல் கொரோனா காலத்தில் படப்பிடிப்பே இல்லை. ஒகஸ்டில் திரைநடிகர்களின் திட்டம் ஓர் அறிவிப்பு விட்டது. அடுத்த வருசத்திலிருந்து தகுதிக்கான உழைப்பு 18,040 டொலரிலிருந்து 25,950 டொலராகும். அதோடு, 65 வயதைத் தாண்டி ஓய்வூதியம் எடுப்பவர்களின் மறுஒளிபரப்புப் பங்கு தகுதிக் கணக்கில் சேராது. வயது போனவர்களுக்கு அதுதானே முக்கிய வருமானம்? சங்கத்தின் முன்னாள் தலைவர் எட் அஸ்னர் உட்படப் பலர் தங்கள் சொந்தத் திட்டத்துக்கு எதிராகவே வழக்குப் போட்டார்கள். அஸ்னர் 2021இல் இறந்துவிட்டார். வழக்கு 2023இல் இணக்கத்தில் முடிந்தது.

2023 வேலைநிறுத்தத்தின்போது தகுதி எல்லை 26,470 டொலர். உறுப்பினர்களில் நூற்றுக்கு 86 பேரளவில் அந்த எல்லையை எட்டுவதில்லை என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. உலகத்திலேயே பேர்போன நடிகர் சங்கம், ஆனால் அதன் காப்புறுதி அநேகமான உறுப்பினர்களுக்கு இல்லை. வேலை கிடைக்காத வருசத்தில்தான் ஒரு மனுசனுக்குக் காப்புறுதி கூடுதலாகத் தேவை. அந்த வருசத்தில்தான் அது கையை விடுகிறது.

ஜேர்மனி 1983: கலையை வாங்குகிறவர் கட்டட்டும்

ஜேர்மனி வேறு விதமாக யோசித்தது. கலைஞர் சமூகக் காப்புறுதிச் சட்டம் 1981இல் நிறைவேறி 1983 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அங்கே மாதச் சம்பளக்காரர் காப்புறுதிப் பணத்தில் பாதியைக் கட்டுவார், மறுபாதியை முதலாளி கட்டுவார். தனியாகத் தொழில் செய்யும் பாட்டுக்காரருக்கோ ஓவியருக்கோ முதலாளி இல்லை. அதனால் அந்த மறுபாதியை இரண்டாகப் பிரித்தார்கள். மொத்தத்தில் நூற்றுக்கு 30 பங்கைக் கலையைப் பயன்படுத்துகிறவர்கள் கட்ட வேண்டும். பதிப்பகம், அரங்கம், கச்சேரி நடத்துகிறவர், விளம்பரக் கம்பனி எல்லோரும் கலைஞர்களுக்குக் கொடுக்கும் கூலிக்கு ஏற்ப ஒரு வரி செலுத்துவார்கள். மீதி 20 பங்கு அரசாங்கம்.

கவனிக்க வேண்டியது, இந்த வரி குறிப்பிட்ட ஒரு கலைஞரின் பெயரில் போவதில்லை, பொது நிதியத்துக்குப் போகிறது. தகுதி எல்லையும் சிறியது, வருசத்துக்கு 3,900 யூரோ. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதல் மூன்று வருசம் அந்த எல்லையும் இல்லை. ஆறு வருசத்தில் இரண்டு வருசம் உழைப்பு அதற்குக் கீழே போனாலும் வெளியே தள்ளமாட்டார்கள். கலைஞருக்கு மோசமான வருசம் வரும் என்பதைச் சட்டம் எழுதினவர்கள் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அங்கேயும் கலை ஒரு முழுத் தொழிலாக இருக்க வேண்டும். மூத்தாப்பா ஜேர்மனியில் பிறந்திருந்தாலும் அந்தப் படிவத்தில் கொஞ்சம் தடுமாறியிருப்பார்.

தமிழ்நாடு 2007: முதலில் பெயரை எழுது

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை எங்களைப் போல. கூத்தாடுபவர், பறையடிப்பவர், கரகம் ஆடுபவர் யாருக்கும் முதலாளி இல்லை, மாதச் சம்பளம் இல்லை. திருவிழாக் காலத்தில் ஆட்டம், மற்ற நாளில் கூலி. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளி, தையல்காரர் என்று தொழில் தொழிலாக நலவாரியம் அமைக்கும் வழக்கம் 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்திலிருந்து வருகிறது. அந்த வழியில் 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் ஒரு நலவாரியம் வந்தது. பதிந்தால் உறுப்பினர் அட்டை. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், விபத்து, மரணம் என்று உதவிகள்.

2009 ஜூலையில் அங்கே அரச காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது இரண்டு கதவு வைத்தார்கள். வருசத்துக்கு 72,000 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் ஒன்று, 26 நலவாரியங்களில் பதிந்தவர்கள் மற்றது. குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை பெரிய வைத்தியம். பிரீமியம் அரசாங்கம் கட்டியது. எத்தனை இரவு ஆடினாய், எவ்வளவு உழைத்தாய் என்று அங்கே எண்ணவில்லை. உழைப்புக் குறைந்தால்தான் தகுதி, அமெரிக்காவுக்கு நேர் எதிர்.

குறையும் இருக்கு. ஆட்சி மாறினதும் திட்டத்தின் பெயரும் மாறி, 2012இல் வேறு திட்டமாக மறுபடி தொடங்கியது. அரச காசு தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது, அதை அரச ஆஸ்பத்திரிகளுக்கே கொடுத்திருக்கலாம் என்று விமர்சனம் செய்தவர்களும் உண்டு. இலங்கையில் இருந்து பார்க்கும் எனக்கு அந்த விமர்சனம் நன்றாக விளங்குகிறது.

எங்கட நாடு, எங்கட கரை

இலங்கையில் 1951இல் அரச ஆஸ்பத்திரிக் கட்டணம் நீக்கப்பட்டது. இது சின்ன விசயமில்லை. மேலே சொன்ன ஹொலிவூட் நடிகருக்கு இல்லாதது, பொல்லடி அண்ணாவிக்கு இருக்கு. மூத்தாப்பா இன்றைக்கு உயிரோடு இருப்பது அதனால்தான். ஆகவே, கலைஞருக்குத் தனியார் காப்புறுதி எடுத்துக் கொடுங்க என்று நான் சொல்ல வரவில்லை. இலவச ஆஸ்பத்திரிக்கும் அந்த மருந்துத் துண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த இடைவெளியை நிரப்ப அரசாங்கம் தொழில் தொழிலாக ஏதோ செய்துதான் இருக்கிறது. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. கலைஞர்கள் பக்கம் பார்த்தால் 1978ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், டவர் மண்டப அரங்க மன்றத்துக்கானது. மருதானையில் 1911இல் திறந்த டவர் மண்டபம் சிங்கள நூர்த்தி நாடகத்தின் வீடு. அந்தக் காலத்து நடிகர்கள் வயதுபோய்க் கஷ்டப்பட்டபோது அவர்களின் நலனுக்காக எழுந்த அமைப்பு அது. நல்ல முன்மாதிரிதான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு மண்டபம் இருக்கிறது. பொல்லடிக்கு மண்டபம் கிடையாது. அது முற்றத்தில் நடக்கும் கலை.

எங்கட கரைக்கு வருவது பெரும்பாலும் விருதுதான். அறுபது வயது தாண்டினால் கலாபூஷணம், ஒரு சான்றிதழ், ஒரு தடவை கொஞ்சம் காசு. பிரதேச கலாசார விழாக்களில் பொன்னாடை. மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூத்தாப்பா அந்தப் பதினொன்றையும் கர்ப்பூர உருண்டை போட்டு வைத்திருக்கிறார். ஆனால் பொன்னாடையைக் கொண்டுபோய் பார்மசியில் கொடுக்க முடியாது.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எங்கட ஊர்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கு. ஜனாஸா நலன்புரிச் சங்கம். மய்யித்து வீட்டுக்காரர் ஒன்றுக்கும் அலையத் தேவையில்லை, கபன் துணியிலிருந்து கபுறு வெட்டுவது வரைக்கும் சங்கம் பார்க்கும். லண்டன்காரர்கள் 1738இல் செய்ததைப் போல எங்கட ஆட்களும் தாங்களாகவே கூடிச் சேர்த்த நிதிதான் இது. அப்படியென்றால் கூடிச் சேர்க்க எங்களுக்குத் தெரியும். மௌத்துக்குச் சங்கம் வைத்த நாங்க நோய்க்கு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு தடை சொல்வார்கள். ஒன்று, காப்புறுதி மார்க்கத்தில் கூடுமா என்பது. வட்டி, சூது கலந்ததென்று பலர் ஒதுங்குவது உண்மை. அதற்குத்தான் ஆளுக்காள் உதவும் பொது நிதியாகத் தகாபுல் என்ற முறை இருக்கு, இலங்கையில் 1999இலிருந்தே அது நடக்கிறது. மற்றது கொஞ்சம் கஷ்டமான கதை. பாட்டும் பொல்லடியும் தேவையில்லாத வேலை என்று நினைப்பவர்கள் இப்போது ஊரில் கூட. அதனால் பொல்லடிக்காரரும், நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்பும் பக்கீர் பாவாவும், கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு றபானோடு வருகிறவர்களும் உதவி கேட்டால் ஏழையாகத்தான் கேட்க முடியும், கலைஞராகக் கேட்க முடியாது. கலை சரியா பிழையா என்று அவரவர் வாதாடட்டும். ஐம்பது வருசம் ஊருக்குச் சந்தோசம் கொடுத்த மனுசன் நோயாளியாகப் படுத்திருக்கிறார் என்பதில் வாதம் இல்லைதானே.

நான் வாசித்ததிலிருந்து எடுத்துக் கொண்டது இதுதான். அமெரிக்க முறை எங்களுக்குச் சரிவராது, இங்கே முதலாளியும் இல்லை, உழைப்பைக் காட்டும் காகிதமும் இல்லை. தமிழ்நாட்டிடமிருந்து பதிவை எடுக்கலாம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார். வருமானத்தைக் கேட்காமல், இவர் இத்தனை வருசம் இதைச் செய்தார் என்று ஊரில் நாலு பேர் சாட்சி சொன்னால் பெயரை எழுதலாம். ஜேர்மனியிடமிருந்து வரியை எடுக்கலாம். விழா நடத்துகிறவர், கல்யாண மண்டபக்காரர், ரேடியோ, டீவி எல்லோரும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு சின்னத் தொகை. எவ்வளவு என்று கேட்டால் என்னிடம் ஒரு அளவு இருக்கு: ஒரு பொன்னாடையின் விலை. போர்த்துகிற ஒவ்வொரு பொன்னாடைக்கும் அதே அளவு காசு நிதியத்துக்கு. அந்த நிதியம் வெளியில எழுதும் துண்டுக்கு மட்டும் காசு கொடுத்தாலே போதும், மற்றதை இலவச ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும்.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நானும் இரண்டு தோழிகளும் பெயர் எழுதத் தொடங்கினோம். ஒரு சி.ஆர். கொப்பியில். இதுவரை 23 பேர். பொல்லடி, சீனடி, றபான், வயல் கவி. சூடு மிதிக்கும்போது பொலிப்பாட்டுப் பாடின ஒரு அப்பாவும் இருக்கிறார், வெட்டு மிசின் வந்த பிறகு அவர் பாடவேயில்லை. 23இல் ஆறு பேர் பெண்கள். கல்யாண வீட்டில் குரவை போடுகிறவர்கள், கவி சொல்கிறவர்கள். ஒருவரையும் எந்த விழாவிலும் கூப்பிட்டதில்லை, ஒரு பொன்னாடையும் இல்லை.

அதில் ஒரு உம்மம்மாவிடம் பெயர் கேட்டபோது சிரித்தார். "என்ட பேர எதுக்கு மகள் எழுதுறாய்? நான் சும்மா பாடினதுதானே." எழுதிவிட்டுப் பக்கத்தில் எத்தனை வருசம் என்று கேட்டேன். விரலில் எண்ணத் தொடங்கினார், பிறகு விட்டுவிட்டு, "உன்ட உம்மாட கலியாணத்துக்கும் நான்தான் குரவை போட்டது, எழுது" என்றார்.

உங்கட ஊரிலும் இப்படி ஆட்கள் இருப்பாங்க. ஒரு கொப்பி எடுத்து எழுதி வையுங்க. தொழில் என்ற இடத்தில் அவங்க என்ன சொல்றாங்களோ, அதையே எழுதுங்க.